துணி மீட்டரில், உடல் அங்குலத்தில்: காகித மாதிரி வைத்துத் தைப்பது பற்றி வணிகர்களுக்குச் சில குறிப்புகள்

தையல் தையற்காரரின் வேலை, துணி விற்பது நம் வேலை என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஆனால் தைத்த சட்டை பிடிக்காமல் போனால் வாடிக்கையாளர் முதலில் வந்து நிற்பது நம் கடை வாசலில்தான். "உங்க துணி சுருங்கிப் போச்சு" என்கிறார். தையற்காரரைக் கேட்டால் "துணி பத்தலைங்க" என்கிறார். இருவருக்கும் நடுவில் கெட்டுப்போவது நம் பெயர். கத்தரி போட்ட துணியைத் திரும்ப வாங்கவும் முடியாது. வாடிக்கையாளரை வெறுங்கையோடு அனுப்பவும் மனம் வராது.

போடிநாயக்கனூரிலும், மேலே மலைச்சரிவுகளிலும் கடை வைத்திருக்கும் நமக்கு இது சிறிய விஷயமல்ல. மலைக்கடைகளில் அரிசி, பருப்பு, எண்ணெய் விற்கும் பலசரக்குக் கடைக்காரரே நூல்கண்டு, ஊசி, பட்டன், எலாஸ்டிக், துண்டுத் துணி, நைட்டி எல்லாம் வைத்திருப்பது வழக்கம். ஆகவே இக்கட்டுரை ஜவுளி வணிகர்களுக்கு மட்டும் எழுதப்படவில்லை. துணியில் ஒரு சாண் விற்கிற அனைவருக்கும் உரியது.

மதுரையிலிருந்து போடி வரையிலான மீட்டர் கேஜ் ரயில் அகலப்பாதைப் பணிக்காக 2011 தொடக்கத்தில் நிறுத்தப்பட்டதும், 2022 மே மாதத்தில் தேனி வரையிலும், 2023 ஜூன் 15 முதல் போடி வரையிலும் ரயில் மீண்டும் வந்ததும் நாம் அறிந்ததே. ரயில் வந்தது நமக்குப் பெருமை. அதே ரயிலில் நம் வாடிக்கையாளர் மதுரைக்குப் போய்த் துணியெடுத்து வருவதும் எளிதாகிவிட்டது. கைபேசியில் படம் பார்த்து ஆயத்த ஆடை வாங்குவோரும் பெருகிவிட்டனர். விலையைக் குறைத்தே இவர்களுடன் போட்டியிட முடியாது. ஆனால் அவர்களால் கொடுக்க முடியாத ஒன்றை நாம் கொடுக்கலாம். அதுதான் உடலுக்குப் பொருந்தும் அளவு.

மலைக்கு எது வேண்டும்?

போடி, தேவாரம், கம்பம் பகுதிகளிலிருந்து காலையில் ஜீப் ஏறி, எல்லை தாண்டி ஏலத்தோட்டங்களுக்குச் செல்லும் பெண்களை நாம் தினமும் பார்க்கிறோம். ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தண்டிலிருந்து கிளம்பும் சரத்தில், தரையை ஒட்டிக் காய்க்கிறது. எனவே காய் எடுப்பவர் குனிந்தும் குத்துக்காலிட்டும் உட்கார்ந்தும், கையை முன்னே நீட்டியபடியே நாளெல்லாம் வேலை செய்ய வேண்டும். மழையும் மூடுபனியும் வேறு.

சேலைக்கு மேலே ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொள்ளும் பழக்கம் இதனால்தான் வந்தது. குளிருக்கும் பூச்சிக்கும் முழுக்கை பாதுகாப்பு என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. ஆண்கள் சட்டையின் முதுகில் தோள்பட்டைக்குக் கீழே ஒரு குறுக்குப் பட்டியும் அதில் மடிப்பும் இருக்கும். கையை முன்னே நீட்டும்போது அந்த மடிப்பு விரிந்து கொடுக்கும். பெண்களுக்கென்று விற்கும் டாப்ஸில் பெரும்பாலும் இந்த மடிப்பு கிடையாது. அதனால் குனிந்தவுடன் முதுகில் இழுக்கிறது, அக்குளில் கிழிகிறது. வாரக் கூலியில் வாங்கிய ஒரு சட்டை ஒரு மாதத்தில் அக்குளில் கிழிந்தால் அந்தக் குடும்பத்துக்கு அது உண்மையான நஷ்டம்.

காகித மாதிரி வந்த கதை

நம் ஊர்த் தையற்கடைகளில் பெரும்பாலும் "அளவு ஜாக்கெட்" கொடுத்துத்தான் தைக்கிறோம். இது எளிய வழி. ஆனால் பழைய சட்டையில் தோள் அரை அங்குலம் தொங்கினால் புதியதிலும் அரை அங்குலம் தொங்கும். பழைய சட்டை துவைத்துச் சுருங்கியிருந்தால் புதியது தைக்கும்போதே இறுக்கமாகிவிடும். பழைய குறை புதிய துணியில் தொடர்ந்து வருகிறது.

காகித மாதிரி வேறு வழி. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஸ்டெர்லிங் என்ற ஊரில் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் இருந்தார். அதுவரை கிடைத்த மாதிரிகள் ஒரே அளவில்தான் வந்தன. வீட்டில் தைப்பவர் அதைத் தாமே பெரிதாக்கியோ சிறிதாக்கியோ கொள்ள வேண்டும். பட்டரிக் 1863இல் மெல்லிய காகிதத்தில் பல அளவுகளில் மாதிரிகளை வெட்டி விற்கத் தொடங்கினார். அவர் விற்றது துணியல்ல, அளவு. தையல் இயந்திரம் வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம் அது, வியாபாரம் பெருகியது. ஜெர்மனியின் பர்தா இதழ் 1952 முதல் இதழுக்குள்ளேயே மாதிரித் தாளை வைத்துக் கொடுத்தது.

ஆனால் அந்த மாதிரிகள் அந்த நாட்டு உடலமைப்புக்கு வரையப்பட்டவை. நம் நாட்டு ஆடை நிறுவனங்களும் நெடுங்காலம் வெளிநாட்டு அளவு அட்டவணைகளைச் சார்ந்தே இருந்தன. இதனால்தான் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனமான நிஃப்ட், 6 நகரங்களில் 25,000 பேரை அளந்து இந்திய அளவு அட்டவணை தயாரிக்கும் திட்டத்தை மேற்கொண்டது. 2018இல் அறிவிக்கப்பட்ட திட்டம் அது. அட்டவணை எப்படி இருந்தாலும், அது சராசரியைத்தான் சொல்லும். கடைக்கு வரும் வாடிக்கையாளர் சராசரி அல்ல. எந்த மாதிரியாக இருந்தாலும் அவர் உடலுக்குத் திருத்தியே வெட்ட வேண்டும்.

மீட்டரும் அங்குலமும்

1956ஆம் ஆண்டின் எடையளவுச் சட்டத்துக்குப் பிறகு படிப்படியாகக் கெஜம் போய் மீட்டர் வந்தது. இப்போது 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் நடைமுறையில் உள்ளது. கடையில் நாம் மீட்டரில் அளக்கிறோம். தையற்காரர் இன்றும் அங்குல டேப்பில்தான் அளக்கிறார். ஒரு கெஜம் 36 அங்குலம். ஒரு மீட்டர் 39.37 அங்குலம். பழைய நினைவில் "இரண்டரை" என்று கேட்பவருக்கு இரண்டரை கெஜம் போதுமா, இரண்டரை மீட்டர் வேண்டுமா என்று கேட்டுவிட வேண்டும். வித்தியாசம் சுமார் எட்டரை அங்குலம். அரைக்கை ஒன்றுக்குக் கிட்டத்தட்ட வந்துவிடும்.

ஓர் உதாரணம் பார்ப்போம். மார்பு 36 அங்குலம், உயரம் 40 அங்குலம், அரைக்கை வைத்த நேர்வெட்டு டாப்ஸ். தோள் தையலுக்கும் அடிமடிப்புக்கும் சேர்த்து ஒரு பக்கத்தின் நீளம் 42 அங்குலம். முன்பக்கம், பின்பக்கம் இரண்டும் சேர்ந்து 84. அடியில் அகலம் 26 அங்குலம் வைத்துக்கொள்வோம். கைக்கு 16 அகலமும் 12 நீளமும் வேண்டும்.

44 அங்குல அகலத் துணியானால், 26 போக மீதி 18 இருக்கிறது. கை இரண்டும் பக்கவாட்டிலேயே வந்துவிடும். 84 அங்குலத்துக்கு நூற்றுக்கு 4 சுருக்கமும், முனைகளை நேராக்கும் கழிவும் சேர்த்தால் சுமார் 2.30 மீட்டர். இரண்டேகால் கொடுத்தால் இழுபறி; இரண்டரை கொடுத்தால் நிம்மதி.

36 அங்குல அகலத் துணியானால் 26 போக மீதி 10தான். கை பக்கவாட்டில் வராது. தனியாக 12 அங்குலம் கூடுதல் வேண்டும். கணக்கு 2.65 மீட்டர் வருகிறது. இரண்டேமுக்கால் கொடுக்க வேண்டும். கைத்தறித் துணிகளில் இந்தக் குறைந்த அகலம் உண்டு. ஆகவே விலைச்சீட்டில் மீட்டர் விலையோடு அகலத்தையும் எழுதிவைப்பது நல்லது. மீட்டருக்கு விலை குறைவான துணி, சட்டை கணக்கில் குறைவாக இல்லாமலும் போகலாம். இதை நாமே சொல்லிவிட்டால் வாடிக்கையாளர் நம்மை நம்புவார்.

துணி டேப் பழகப் பழக நீண்டுவிடும். கடையில் விற்கும் டேப்பையும், பக்கத்துத் தையற்கடையில் இருக்கும் டேப்பையும் வருடத்துக்கு ஒருமுறை நம் முத்திரையிட்ட மீட்டர் கோலோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல பழக்கம்.

நனைத்த பிறகே கத்தரி

பருத்தி நெசவுத் துணி முதல் சலவையில் சுருங்கும். தறியில் இழுத்துக் கட்டிய பாவு நூல் தண்ணீர் பட்டதும் தளர்ந்து தன் இயல்பான நீளத்துக்கு வருவதே காரணம். அமெரிக்கரான சான்ஃபோர்ட் கிளூயெட் 1930 வாக்கில் துணியை ஆலையிலேயே முன்கூட்டிச் சுருக்கும் முறையைக் கொண்டுவந்தார். துணி ஓரத்தில் நாம் பார்த்த "சான்ஃபரைஸ்டு" என்ற முத்திரை அவர் பெயரிலிருந்து வந்ததே. அந்த முறையில் பதப்படுத்தாத துணியை நாமே சோதித்துக்கொள்ள வேண்டும்.

சோதனை எளிது. புதிய பேல் பிரித்தவுடன் ஒரு துண்டில் நீளவாக்கில் 50 சென்டிமீட்டர், அகலவாக்கில் 50 சென்டிமீட்டர் அழியாத மையால் குறியிடுங்கள். நனைத்து, நிழலில் காயவைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். 48 வந்தால் நூற்றுக்கு 4 சுருக்கம். அந்த எண்ணைத் துணியின் ஓரத்தில் ஒரு சீட்டில் எழுதிவையுங்கள். 42 அங்குலத்தில் நூற்றுக்கு 4 என்பது ஒன்றே முக்கால் அங்குலத்துக்கு அருகில். முழங்கால் வரை வந்த சட்டை அதற்கு மேலே ஏறிவிட இது போதும்.

வாடிக்கையாளரிடம் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: "தைக்கக் கொடுக்குமுன் ஒரு ராத்திரி நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள்." லைனிங் துணியையும் சேர்த்தே நனைக்க வேண்டும். மேல்துணி மட்டும் நனைந்து லைனிங் நனையாமல் தைத்தால், பின்னால் லைனிங் சுருங்கி மேல்துணியைச் சுருட்டி இழுக்கும்.

நூலோட்டம்

நெய்த துணி வேறு, பனியன் துணி வேறு. பனியன் துணி பின்னப்பட்டது, இழுத்தால் கொடுக்கும். நெய்த துணியில் பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் நீளவாக்கில் கொடுக்காது, அகலவாக்கில் சிறிதே கொடுக்கும், மூலைக்கு மூலை இழுத்தால் மட்டும் நன்றாகக் கொடுக்கும். பனியன் துணியில் அளவு ஓர் அங்குலம் தவறினாலும் துணியே சமாளித்துக்கொள்ளும். நெய்த துணியில் அது தெரிந்துவிடும்.

மாதிரிக் காகிதத்தில் ஓர் அம்புக்கோடு இருக்கும். அது துணியின் கரைக்கு இணையாக இருக்க வேண்டும். துணியை மிச்சம் பிடிக்கக் காகிதத்தைச் சாய்த்து வைத்து வெட்டினால், இரண்டு சலவைக்குப் பிறகு பக்கத் தையல் முன்னால் திரும்பிக்கொண்டு வரும். இதற்கு மருந்து கிடையாது. கடையில் துணியைக் கிழித்துக் கொடுத்தாலும் கத்தரியால் வெட்டிக் கொடுத்தாலும், முனையில் ஓர் ஊடை நூலை உருவி அந்தக் கோட்டில் நேராக்கிய பிறகே மடித்துப் போட வேண்டும்.

மாதிரியைத் திருத்துதல்

ஆயத்த ஆடையின் அளவு எண்ணைப் பார்த்து மாதிரியைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. உடலை அளந்து, மாதிரியில் அச்சிட்ட மார்பு, இடுப்பு, பிட்ட அளவோடு ஒப்பிட வேண்டும். அதற்கு மேல் "லூஸ்" வேண்டும். நெய்த பருத்தியில் மார்பில் 3 முதல் 4 அங்குலம், பிட்டத்தில் 2 முதல் 3 அங்குலம் தளர்வு இருந்தால்தான் உட்காரவும் குனியவும் முடியும்.

அகலத்தில் வித்தியாசம் இருந்தால் நான்கால் வகுக்க வேண்டும். மாதிரி மார்பு 36, வாடிக்கையாளர் 38 என்றால் வித்தியாசம் 2. முன்பக்கத்தின் இரு ஓரங்களிலும் பின்பக்கத்தின் இரு ஓரங்களிலும் அரை அங்குலம் கூட்ட வேண்டும். சட்டையில் கூட்டியதைக் கையிலும் கூட்ட வேண்டும். இதை மறந்தால் கை ஆர்ம்ஹோலில் சேராது.

உயரத்தைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டுமானால் அடிமடிப்பில் மட்டும் கை வைக்கக் கூடாது. இடுப்புக்கு மேலே காகிதத்தைக் குறுக்கே வெட்டி, வேண்டிய அளவு விரித்து ஒட்ட வேண்டும். குறைப்பதானால் அங்கேயே மடிக்க வேண்டும். இல்லையேல் இடுப்பு வளைவு உடலின் இடுப்பில் வந்து நிற்காது.

தோள் தொங்கினால் தோள்முனையில்தான் குறைக்க வேண்டும், கழுத்தில் அல்ல. மார்பு டக்கின் முனை மார்பின் உயர்ந்த இடத்துக்கு ஓர் அங்குலம் முன்னதாகவே முடிய வேண்டும். கழுத்து வளைவு மூலைவாட்டில் வெட்டப்படுவதால் கையில் எடுத்தவுடனே நீண்டுவிடும். வெட்டிய கையோடு அந்த வளைவில் ஒரு தையல் ஓட்டிவிட்டால் கழுத்து வாய் பிளக்காது.

ஒத்திகைத் துணி

நல்ல துணியில் கத்தரி போடுவதற்கு முன், காடாத் துணியிலோ பழைய வேட்டியிலோ ஒருமுறை வெட்டி, நீளமான ஓட்டுத்தையலில் இணைத்துப் போட்டுப் பார்க்க வேண்டும். கண்ணாடி முன் நின்று மட்டும் பார்த்தால் போதாது. உட்காரச் சொல்லுங்கள், குத்துக்காலிடச் சொல்லுங்கள், கையை முன்னே நீட்டச் சொல்லுங்கள்.

துணியில் விழும் இழுப்புக் கோடுகள் எந்த இடத்தை நோக்கி ஓடுகின்றனவோ அந்த இடத்தில் துணி போதவில்லை என்று பொருள். மார்பை நோக்கிக் கோடு ஓடினால் மார்பில் இடம் வேண்டும். பிட்டத்தின் குறுக்கே கோடு விழுந்து சட்டை மேலே ஏறினால் பிட்டத்தில் இடம் வேண்டும். கோடில்லாமல் துணி தொளதொளவென்று மடிந்து தொங்கினால் அங்கே அதிகம். இந்த ஒரு விதியைத் தெரிந்துகொண்டால் திருத்தத்தில் பாதி முடிந்தது.

கை தூக்கும்போது அக்குளில் பிடிக்கிறதென்றால் நம்மவர்கள் உடனே ஆர்ம்ஹோலைக் கீழே ஆழமாக வெட்டுகிறார்கள். இதுதான் மலைத் தொழிலாளியின் சட்டையைக் கெடுக்கும் தவறு. ஆர்ம்ஹோல் கீழே இறங்க இறங்க, கையைத் தூக்கும்போது பக்கத் தையல் முழுவதும் கூடவே மேலே வரும். இழுப்பு கூடுமே தவிரக் குறையாது. சரியான வழி, ஆர்ம்ஹோலை அக்குளுக்கு ஓர் அங்குலத்துக்குக் கீழே நிறுத்தி, கையின் அகலத்தைக் கூட்டி, கையின் தலைப்பு வளைவைத் தாழ்வாக்குவது. முதுகின் குறுக்களவில் அரை அங்குலம் சேர்ப்பது, அல்லது ஆண்கள் சட்டையைப் போல முதுகில் குறுக்குப் பட்டி வைத்து நடுவில் ஒரு மடிப்பு விடுவது. பக்கவாட்டுத் திறப்பு பிட்டத்தின் அகன்ற இடத்திலிருந்தே தொடங்கினால் குத்துக்காலிட வசதி.

திருத்தியதையெல்லாம் காகிதத்தில் குறித்து, அதன் பிறகே நல்ல துணியில் வெட்ட வேண்டும். பக்கத் தையலில் ஒவ்வொரு புறமும் ஓர் அங்குலம் துணி உள்ளே விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். ஆயத்த ஆடையில் கால் அங்குலம், அரை அங்குலத்தோடு ஓவர்லாக் போட்டுவிடுவார்கள். உடம்பு போட்டால் பிரித்துத் தைக்க வழியில்லை. ஓர் அங்குலம் உள்ளே இருந்தால் அந்தச் சட்டை இன்னும் இரண்டு வருடம் உழைக்கும்.

நாம் செய்யக் கூடியவை

கடையில் வைக்கும் சரக்கிலும் இதே கவனம் வேண்டும். மெல்லிய பருத்திக்கு 11ஆம் நம்பர் ஊசி, நடுத்தரத்துக்கு 14, தடித்த துணிக்கு 16. மூன்றும் தனித்தனி டப்பாவில் இருக்கட்டும். ஓயாத ஈரத்தில் பருத்தி நூல் நாளடைவில் இற்றுவிடும். மலைக்குப் போகும் உடுப்புக்குப் பாலியஸ்டர் நூலே தாங்கும். மார்க்கிங் சாக், பிரௌன் பேப்பர் ஆகியவற்றுக்கும் கேட்பு உண்டு.

தைப்பதற்கு ஆள் இல்லை என்று சொல்வதற்கில்லை. அரசுப் பள்ளிக் குழந்தைகளுக்கு 2012-13 முதல் ஆண்டுக்கு நான்கு செட் வீதம் வழங்கத் தொடங்கிய இலவசச் சீருடைகளைத் தைத்தவர்கள் மகளிர் தையல் கூட்டுறவுச் சங்கங்களின் பெண்கள்தாம். அப்படித் தொழில் கற்ற கைகள் நம் தெருக்களில் இருக்கின்றன. துணியும் நம் மாவட்டத்திலேயே நெய்யப்படுகிறது. ஆண்டிபட்டிப் பகுதியின் ஜக்கம்பட்டி, டி.சுப்புலாபுரம் தறிகளை நாம் அறிவோம். துணியெடுக்க வருபவரையும் தைக்கத் தெரிந்தவரையும் சேர்த்துவைப்பது கடைக்காரரின் வேலை.

ஜவுளிக்கடையும் தையற்கடையும் முன்கூட்டியே ஓர் ஏற்பாடு செய்துகொள்ளலாம். துணியின் அகலமும் சுருக்க எண்ணும் கடைக்காரர் பில்லில் எழுத வேண்டும். அதில் தவறு வந்தால் நஷ்டம் கடையைச் சேரும். அளவும் வெட்டும் தையற்காரர் பொறுப்பு. அதில் தவறு வந்தால் நஷ்டம் அவரைச் சேரும். நனைக்காமல் கொடுத்தால் அது வாடிக்கையாளர் பொறுப்பு. இதை முதலிலேயே பேசிவிட்டால் வாசலில் வாக்குவாதம் வராது. ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் திருத்திய மாதிரியைப் பிரௌன் பேப்பரில் வெட்டி, பெயரும் தேதியும் எழுதி, சுருட்டிக் கட்டி வைக்கலாம். அடுத்த முறை அவர் வரும்போது மார்பும் பிட்டமும் மட்டும் மறுபடி அளந்து பார்த்தால் போதும். தன் மாதிரி இருக்கும் கடையை விட்டு அவர் எளிதில் போகமாட்டார்.

ஏலக்காய் விலை ஏறினாலும் இறங்கினாலும் ஞாயிற்றுக்கிழமை மலையிலிருந்து இறங்கி வரும் அந்தப் பெண்களை நம்பித்தான் நம் கடைத்தெரு இருக்கிறது. எடைக்கல்லில் ஒரு கிராம் குறையாமல் பார்த்துக்கொள்ளும் நாம், அவர்கள் உடுப்பின் அளவிலும் அதே நாணயத்தைக் காட்டுவோம். வரும் வாரமே புதிய பேலிலிருந்து ஒரு துண்டை எடுத்து நனைத்துப் பார்த்து, சுருக்க எண்ணைச் சீட்டில் எழுதித் தொடங்குங்கள்.